ஆழம் தெரிந்து அமருங்கள்: முதல் சோபா வாங்கும் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் ஆலைகளில் உழைத்து, சொந்தமாகவோ வாடகைக்கோ ஒரு வீடு பிடித்து, அதன் ஹாலுக்கு முதல் சோபா வாங்கப் புறப்பட்டிருக்கும் குடும்பத்தாருக்கு,



1998இல் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையின் சான்ட்ரோ கார்கள் சாலைக்கு வந்தபோது, சுற்றியிருந்த ஊர்கள் பெரும்பாலும் ஏரியும் நெல்வயலுமாகவே இருந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை என்று அடுத்தடுத்து வந்தன. அந்த ஆலைகளை நம்பி வெளியூரிலிருந்து வந்த இளைஞர்கள் அன்று ஓர் அறையில் நான்கைந்து பேராகப் பாய் விரித்துப் படுத்தார்கள். இன்று அவர்களில் பலர் குடும்பஸ்தர்கள். படப்பையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ அவர்களுக்கு இரண்டு படுக்கையறை கொண்ட வீடு இருக்கிறது. கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் வந்து சேர்ந்தபின் ஹாலுக்கு ஒரு சோபா என்ற பேச்சு எழுகிறது. கடைக்குப் போனால், உட்கார்ந்தவரை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஆழமான பெரிய சோபாவைத்தான் இப்போது முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் அதன் ஆழத்தை உங்கள் வீட்டாரின் உடம்பை வைத்து அளந்து வாங்குங்கள். கண்ணுக்குப் பிடித்ததை அப்படியே ஏற்றி வந்தால், பணமும் போகும், ஹாலில் பாதி இடமும் போகும், சுகம் மட்டும் வந்து சேராது. இந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

இதை ஏன் உங்களுக்கென்று தனியாக எழுத வேண்டும்? உங்களில் பெரும்பாலோர் நின்று வேலை செய்கிறவர்கள். அசெம்பிளி லைனிலும் பிரஸ் ஷாப்பிலும் தரச் சோதனை மேசையிலும் ஒரு ஷிஃப்ட் முழுவதும் கால்தான் உடம்பைத் தாங்குகிறது. நெடுநேரம் நிற்பதற்கும் இடுப்புவலிக்கும், கால் வீக்கத்துக்கும், நரம்புச் சுருட்டலுக்கும் தொடர்பு உண்டு என்பதைத் தொழில்நல ஆய்வுகள் பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 44ஆம் பிரிவில், நின்று வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, வேலைக்கு நடுவே கிடைக்கும் ஓய்வைப் பயன்படுத்திக்கொள்ள உட்காரும் வசதி வேண்டும் என்று எழுதியது. 2021இல் தமிழக அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கும் இருக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கியது. உட்காருவதைச் சட்டமே ஓர் உரிமையாக மதிக்கிறது. அப்படியிருக்க, உங்கள் சொந்த வீட்டில் உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கும் இருக்கையை வீட்டுக்கு வரும் விருந்தாளியின் கண்ணுக்காக வாங்குவது நியாயமில்லை. ஷிஃப்ட் முடிந்து ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு வருகிறவரின் இடுப்புக்கும் காலுக்கும்தான் அது முதலில் பதில் சொல்ல வேண்டும்.

சோபாவின் ஆழம் என்பது இரண்டு வேறு அளவுகள். பின்பக்கச் சட்டத்திலிருந்து முன்விளிம்பு வரை மொத்தமாக அளப்பது வெளி ஆழம். அது தரையில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை மட்டுமே சொல்லும். நீங்கள் முதுகு சாயும் இடத்திலிருந்து இருக்கையின் முன்விளிம்பு வரை உள்ளதுதான் உட்காரும் ஆழம். கடைக்காரர் தரும் தாளில் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. சாதாரண சோபாவில் அது 20 முதல் 22 அங்குலம் வரை இருக்கும். 24 அங்குலத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ அதை ஆழமான சோபா என்கிறார்கள். இனி உங்கள் உடம்பின் அளவு. சுவரை ஒட்டி ஒரு ஸ்டூலைப் போட்டு, முதுகும் இடுப்பும் சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காருங்கள். சுவரிலிருந்து முழங்காலின் உள்மடிப்பு வரை டேப் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அது 17 முதல் 20 அங்குலத்துக்குள் வரும். அதில் இரண்டு விரல் அகலம் கழித்தால், கால் தரையில் ஊன்றி, முதுகு சாய்ந்து உட்கார உங்களுக்குத் தேவையான ஆழம் கிடைத்துவிடும். கடையில் பார்த்த 25 அங்குல சோபாவுக்கும் உங்கள் உடம்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது அந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடும்.

அந்த இடைவெளியை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்பதை உங்கள் ஊர் ஆலைகளே அறியும். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் கார்கள் மட்டும் உருவாகவில்லை, கார் இருக்கைகளும் உருவாகின்றன. கார் இருக்கையை வடிவமைக்கிறவர்கள் கடைப்பிடிக்கும் பழைய விதி ஒன்று உண்டு: இருக்கையின் அகலத்தைப் பெரிய உடம்புக்கு வை, ஆழத்தைச் சின்ன உடம்புக்கு வை. உயரமானவர் ஆழம் குறைந்த இருக்கையில் உட்கார்ந்தால் தொடையின் முன்பகுதிக்குச் சற்றுத் தாங்கல் குறையும், அவ்வளவுதான். உயரம் குறைந்தவர் ஆழமான இருக்கையில் உட்கார்ந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். முதுகைச் சாய்த்தால் விளிம்பு முழங்கால் மடிப்பை அழுத்தும், பாதம் தரையிலிருந்து எழும்பும். பாதத்தை ஊன்றினால் முதுகுக்குப் பின்னே வெற்றிடம் விழும், இடுப்பு வளைந்து சரியும். ஒரு ஷிஃப்ட் முழுக்க நின்று களைத்த இடுப்பை அந்தச் சரிவில் இரண்டு மணி நேரம் வைத்தால், ஓய்வு என்ற பெயரில் அதற்கு இன்னொரு வேலை கொடுத்ததாகிவிடும். வீட்டில் பொதுவாக உயரம் குறைந்தவர்கள் பெண்களும் பெரியவர்களும் பிள்ளைகளும்தான். ஆழத்தைக் கணக்கில்லாமல் கூட்டினால் வீட்டில் பாதிப் பேருக்கு அந்த சோபா எதிராகிவிடும்.

அப்படியானால் ஆழமான சோபாவே வேண்டாம் என்று முடித்துவிடலாமே என்று கேட்பீர்கள். முடிக்க முடியாது. ஏனென்றால் மேலே சொன்ன விதியெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்காருகிறவருக்கானது. கார் ஓட்டுகிறவர் வேறெப்படியும் உட்கார முடியாது. நம் வீட்டில் நாம் அப்படியா உட்காருகிறோம்? சோபாவில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் செருப்பு கழன்று கிடக்கும், ஒரு கால் மேலே வந்திருக்கும், சற்று நேரத்தில் மற்றதும் வந்து சம்மணம் ஆகிவிடும். கீரை ஆய்வதும் பிள்ளைக்குத் தலை பின்னுவதும் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவதும் காலை மடக்கித்தான். சம்மணத்துக்கு 20 அங்குலம் போதாது. முழங்கால்கள் விளிம்புக்கு வெளியே நிற்கும், கணுக்கால் விளிம்பில் அழுந்தும், கொஞ்ச நேரத்தில் மரத்துப்போகும். 24, 25 அங்குல ஆழம் நமக்கு ஏற்றதாவது இங்கேதான். வீட்டுத் திண்ணையிலும் ஊஞ்சல் பலகையிலும் காலைத் தூக்கி வைத்து உட்கார இடம் இருந்தது. வந்தவர் பேசிக்கொண்டே அப்படியே சாய்ந்து படுக்கவும் இடம் இருந்தது. சோபா என்ற சொல்லே அதைத்தான் சொல்கிறது. அது அரபு மொழியின் ‘ஸுஃப்பா’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உட்காரவும் தங்கவும் அமைத்த மேடை என்பது அதன் பொருள். மதீனா பள்ளிவாசலின் ஸுஃப்பாவில் தங்கியிருந்த நபித்தோழர்களைத் தமிழ் முஸ்லிம்கள் ‘திண்ணைத் தோழர்கள்’ என்றே எழுதுகிறார்கள். ஆழமான சோபா நமக்கு அந்நியம் இல்லை. திண்ணை வீட்டுக்குள் வந்திருக்கிறது என்றே அதைக் கொள்ளலாம்.

ஆக, ஒரே இருக்கை இரண்டு விதமாக உட்காருகிறவர்களைத் தாங்க வேண்டும். இதற்கு வழி கடினமில்லை. ஆழத்தைச் சட்டத்திலேயே பூட்டி வைக்காமல், எடுத்து வைக்கக்கூடிய முதுகுக் குஷன்களில் விட்டுவிடுவதுதான் வழி. சட்டத்தில் 26 அங்குல ஆழம் இருக்கட்டும். 8 அங்குலக் கனமுள்ள தனிக் குஷனை முதுகுக்கு வைத்தால் மீதி 18 அங்குலம். அம்மா காலை ஊன்றி நிமிர்ந்து உட்காருவார். குஷனை எடுத்து ஓரமாக வைத்தால் முழு 26 அங்குலம். மகள் சம்மணமிட்டுப் படிப்பாள், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சற்றுக் கண்ணயர்வார். இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, முதுகுக் குஷன்கள் சட்டத்தோடு தைக்கப்படாமல் தனியாக வர வேண்டும். இரண்டாவது, இருக்கை கெட்டியாக இருக்க வேண்டும். தொட்டதும் அமுங்கும் இருக்கையில் சம்மணமிட்டால் இடுப்பு கீழே போய் முழங்கால் மேலே நிற்கும். திண்ணை சுகமாக இருந்ததற்கு அது அமுங்காததும் ஒரு காரணம். கையால் அழுத்திப் பார்த்து மெத்துமெத்தென்று இருக்கிறதே என்று மயங்காதீர்கள். கை கொடுப்பது சில கிலோ எடை. உடம்பு கொடுப்பது அறுபது, எழுபது கிலோ.

“வீட்டில் முட்டிவலிக்காரர்கள் இருக்கிறார்கள், ஆழமான சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே முடியாது” என்பது பலர் எழுப்பும் மறுப்பு. நியாயமான மறுப்பு. ஆனால் எழ முடியாமல் செய்வதில் ஆழத்துக்குப் பங்கு குறைவு. உயரக் குறைவுக்கும் அமுங்கலுக்கும்தான் பங்கு அதிகம். இருக்கை முழங்காலைவிடக் கீழே போய்விட்டால், எழும்போது முழு எடையும் முட்டியில் விழுகிறது. ஆகவே, ஆள் உட்கார்ந்து அமுங்கியபின் இருக்கையின் உயரம் தரையிலிருந்து 16, 17 அங்குலமாவது நிற்கிறதா என்று பாருங்கள். அமுங்குவதற்கு முன் இருக்கும் உயரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உட்கார்ந்தவரின் தொடை தரைக்கு இணையாகவோ முழங்கால் பக்கம் சற்றுத் தாழ்ந்தோ இருந்தால் சரி. அடுத்து, கைப்பிடி. ஊன்றி எழக் கெட்டியான கைப்பிடி இருக்கையின் முன்விளிம்பு வரை நீண்டிருக்க வேண்டும். அகலமான, தலையணை போல் உருண்ட கைப்பிடி பார்வைக்கு நன்றாக இருக்கும், ஊன்றினால் பிடி கிடைக்காது. இவ்வளவும் பார்த்த பிறகும் பெரியவருக்கு ஒத்துவரவில்லை என்றால், அவருக்கென்று கைவைத்த மர நாற்காலி ஒன்றை அதே ஹாலில், மின்விசிறியின் காற்று படும் நல்ல இடத்தில் போடுங்கள். எல்லாரும் ஒரே சோபாவில்தான் உட்கார வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

“பத்தடி ஹாலில் இவ்வளவு பெரிய சோபாவை எங்கே போடுவது?” என்பது அடுத்த மறுப்பு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்தடி என்றால் 120 அங்குலம். சாதாரண சோபாவின் வெளி ஆழம் 34 அங்குலம் வரும், ஆழமானதற்கு 40. வித்தியாசம் ஆறே அங்குலம். எதிர்ச் சுவரில் டிவி அலமாரிக்கு 16 அங்குலம் போனாலும் நடுவே 64 அங்குலம் மிச்சம். பாய் விரிக்கலாம், பிள்ளைகள் விளையாடலாம். உண்மையில் ஹாலை அடைப்பவை வேறு. 3+1+1 என்று செட்டாக வாங்கும்போது வரும் இரண்டு ஒற்றை இருக்கைகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடி தரையைப் பிடிக்கின்றன. எல் ஷேப் சோபாவின் மூலையில் உட்காருகிறவருக்குக் கால் நீட்ட வழியில்லை. வாடகை வீடு மாறும்போது புதிய ஹாலில் கதவு எந்தப் பக்கம் இருக்குமோ, அந்த மூலை அங்கே பொருந்துமோ பொருந்தாதோ. நடுவில் போடும் கண்ணாடி டீப்பாய் இன்னும் இரண்டடியை விழுங்குகிறது. ஆழமான மூவர் சோபா ஒன்றை மட்டும் வாங்கி, டீப்பாய்க்குப் பதில் பக்கவாட்டில் ஒரு முக்காலி போட்டால், அந்தச் செட்டைவிடக் குறைந்த இடத்தில் கூடுதல் சுகம் கிடைக்கும். வாங்குமுன் பழைய செய்தித்தாள்களை சோபாவின் வெளி அளவுக்குத் தரையில் பரப்பி ஒரு நாள் அப்படியே விடுங்கள். பால்கனிக் கதவு திறக்கிறதா, சலவை மூட்டையோ கேஸ் சிலிண்டரோ தூக்கிக்கொண்டு போக வழி இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். வாசற்கதவின் அகலத்தையும் லிஃப்ட்டின் உள்ளளவையும் மாடிப்படி திருப்பத்தையும் சேர்த்தே அளந்து வையுங்கள். சோபாவின் கால்கள் கழற்றக்கூடியவையா என்பதையும் கேளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில் உங்களைவிடத் திறமையான வாடிக்கையாளர் கடைக்காரருக்குக் கிடைக்கப் போவதில்லை. ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நீங்கள். அதே கண்ணோடு சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் கறுப்புத் துணி ஒன்றை ஸ்டேபிள் அடித்திருப்பார்கள். அதன் ஓரத்தைச் சற்று விலக்கச் சொன்னால் சட்டம் தெரியும். மரமா, பிளைவுட்டா, மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டா என்று பாருங்கள். பார்ட்டிகிள் போர்டு நம் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஊதிவிடும், ஸ்குரூ பிடிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் அடையாற்று நீர் புகுந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. கெட்டியான மரச் சட்டமும் ஐந்தாறு அங்குலக் கால்களும் உள்ள சோபா சிறு ஈரத்திலிருந்து தப்பும். அடியில் துடைப்பமும் போகும். மூலைகளில் முக்கோண மரத்துண்டு வைத்துத் திருகியிருக்கிறார்களா, வெறும் ஸ்டேபிள்தானா என்பதையும் கவனியுங்கள். இருக்கைக்கு அடியில் எலாஸ்டிக் பெல்ட் மட்டும் இருந்தால் அது நெருக்கமாகவும் இழுப்பாகவும் பின்னப்பட்டிருக்க வேண்டும். ஜிக்ஜாக் ஸ்பிரிங் என்றால் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்க வேண்டும்.

ஃபோமுக்கு ஒரு எளிய சோதனை இருக்கிறது. கடையில் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்பார்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் அத்தனை கிலோ எடை இருக்கும் என்பது அதன் பொருள். அப்படியானால் அதை எடை போட்டே சரிபார்க்கலாம். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், ஆறு அங்குலக் கனமுள்ள குஷன் சரியாக இரண்டு கன அடி. ஜிப்பைத் திறந்து ஃபோமை மட்டும் வெளியே எடுத்துச் சிறு தொங்கு தராசில் மாட்டினால், 32 டென்சிட்டிக்கு ஏறக்குறைய 1.8 கிலோவும், 40 டென்சிட்டிக்கு 2.25 கிலோவும் காட்ட வேண்டும். 1.3 கிலோதான் காட்டுகிறது என்றால் அது 23 டென்சிட்டி. தினமும் ஆள் உட்காரும் இருக்கைக்கு அது தாங்காது, சீக்கிரமே குழி விழும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டென்சிட்டி என்பது உழைப்பைச் சொல்லும், கெட்டித்தனத்தைச் சொல்லாது. ஒரே டென்சிட்டியில் மென்மையான ஃபோமும் உண்டு, கெட்டியான ஃபோமும் உண்டு. எடையைத் தராசு சொல்லும். கெட்டியைப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்து உங்கள் உடம்புதான் சொல்ல வேண்டும்.

மேல் துணியைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வெயிலையும் உங்கள் ஷிஃப்ட்டையும் மனத்தில் வையுங்கள். ஆழமான சோபாவில் உடம்பின் பெரும்பகுதி துணியில் படுகிறது. ரெக்சின் துடைக்க எளிது என்பது உண்மைதான். ஆனால் சித்திரை, வைகாசியில் முதுகு ஒட்டும், வியர்வையும் தலை எண்ணெயும் பட்டுச் சில வருடங்களில் செதில் செதிலாக உரியத் தொடங்கும். வெல்வெட் பார்க்க அழகு. சூடும் தூசியும் பிடிக்கும். நெருக்கமாக நெய்த பருத்தியோ பருத்தி கலந்த கெட்டித் துணியோதான் நமக்கு ஏற்றது. அதுவும் ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கும்படி இருக்க வேண்டும். ஆலையிலிருந்து கிரீஸும் உலோகத் தூசியும் படிந்த உடுப்போடு வருகிறவர் உள்ள வீட்டில் வெளிர் நிறம் வேண்டாம். மண் நிறம், சாம்பல், கரும்பச்சை, ஆழ்ந்த நீலம் போன்றவை அழுக்கைப் பொறுக்கும். நைட் ஷிஃப்ட்காரர் பகலில் அதில் படுக்கப்போகிறார் என்றால், கைப்பிடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே அவர் உயரத்துக்குமேல் நான்கு விரலாவது நீளம் இருக்க வேண்டும். ஆறடிக்காரருக்கு 72 அங்குலம் என்பது தலையும் காலும் முட்டும் அளவு.

ஹாலில் அதை அழகாக அமைப்பதற்குத் தனிச் செலவு தேவையில்லை. ஆழமான சோபா இயல்பாகவே பாரமாகத் தெரியும் பொருள். அதைச் சுற்றியுள்ளவை மெலிதாக இருந்தால் ஹால் நிதானமாகும். கால்கள் வெளியே தெரியும் சோபாவின் அடியில் வெளிச்சம் ஓடுவதால் தரை விரிந்ததுபோல் இருக்கும். முதுகு உயரம் குறைவாக இருந்தால் பின்னால் உள்ள ஜன்னலும் மறையாது. மழைக்காலத்தில் ஈரம் கசியும் சுவரில் ஒட்டிப் போடாமல் மூன்று விரல் தள்ளிப் போடுங்கள். சோபா ஒரே நிறமாக இருக்கட்டும். வண்ணத்தை நம் தறிகளிடம் விட்டுவிடுங்கள். காலடியில் பட்டை பட்டையாக ஒரு பவானி ஜமக்காளம், இருக்கைமேல் விரிக்கச் சென்னிமலைப் போர்வை ஒன்று, கண்டாங்கிக் கட்டத்தில் தைத்த இரண்டு குஷன் உறை. இவை கெட்டி, துவைக்கலாம், வெளுத்தால் மாற்றலாம், ஒரு சோபாவை நான்கு விதமாகக் காட்டலாம். குஷன்களின் எண்ணிக்கை உட்காருகிறவர் எண்ணிக்கையைத் தாண்ட வேண்டாம். உட்காருமுன் ஒதுக்கித் தள்ள வேண்டிய குஷன் அலங்காரம் ஆகாது. டிவியை நிமிர்ந்து பார்க்கும்படி உயரத்தில் மாட்டாதீர்கள். ஆழமான இருக்கையில் சாய்ந்திருப்பவரின் கண் தாழ்ந்திருக்கும், கழுத்து நோகும். மேல் விளக்கை அணைத்துவிட்டுப் பக்கத்தில் சிறு விளக்கு ஒன்று எரிந்தால், பகலெல்லாம் ஆலை வெளிச்சத்தில் கூசிய கண்ணுக்கு அது பெரிய ஓய்வு.

“நாம் தரையில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள், இதற்கு இவ்வளவு பணமா?” என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தரையில் உட்கார்ந்து எழ முடிகிறவர்கள் அதை விடவே வேண்டாம். அது உடம்புக்கு நல்லது. ஒரு முழு ஷிஃப்ட் நின்று வந்தவருக்குத் தினமும் அது கைகூடுவதில்லை என்பதால்தான் மேடு தேவைப்படுகிறது. அந்த மேடு கடை சோபாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தவணையில் பெரிய சோபா வாங்கி மாதாமாதம் சிரமப்படுவதைவிட, ஊர் ஆசாரியிடம் 26 அங்குல அகலத்தில் ஒரு திவான் செய்யச் சொல்லலாம். கெட்டியான ஃபோம் வெட்டி வாங்கி, உறை தைத்து, மூன்று முதுகுக் குஷன் வைத்தால் ஆழமான சோபாவின் வேலையை அது முழுதாகச் செய்யும். வேம்போ வாகையோ போட்டுச் செய்த சட்டம் ஃபோமை இரண்டு முறை மாற்றிய பிறகும் நிற்கும். இருக்கை உயரம், உட்காரும் ஆழம், கைப்பிடி உயரம், நீளம் என்ற நான்கு அளவையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வரைபடம் பார்த்து வேலை செய்யும் பழக்கம் உங்களுக்கு உண்டு. ஆசாரிக்கும் அது வேலையை எளிதாக்கும்.

இந்த மடலைத் தொழிலாளர் விடுதிகளை நடத்துகிறவர்களும் படிப்பார்கள் என்று நம்புகிறேன். வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் 706.50 கோடி ரூபாய்ச் செலவில் 18,720 பேர் தங்கும் பணியாளர் குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இந்தத் தடத்தில் அதுபோலவும் அதைவிடச் சிறியதாகவும் இன்னும் பல விடுதிகள் இருக்கின்றன. அவற்றில் நிறைந்திருப்பவர்கள் இளம்பெண்கள். அவர்களுக்குக் கட்டில் இருக்கிறது. கட்டில் தூங்குவதற்கு. தோழிகளோடு காலை மடக்கி உட்கார்ந்து பேச, வீட்டுக்குப் போன் செய்ய, ஒன்றும் செய்யாமல் சாய்ந்திருக்கப் பொது அறையில் நல்ல இருக்கை வேண்டும். அங்கே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி போடுவதற்குப் பதில், சுவரோரமாக 24 அங்குல அகலத்தில் மெத்தை வைத்த மேடைகள் அமைத்துக் கொடுங்கள். அதற்குச் செலவு குறைவு, ஆயுள் அதிகம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகும் நாளில் வீட்டில் உயரம் குறைந்தவரையும் வயது முதிர்ந்தவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பையில் ஒரு டேப்பும் சிறு தொங்கு தராசும் இருக்கட்டும். முடிந்தால் ஷிஃப்ட் முடிந்த களைப்போடே போங்கள். களைத்த உடம்பு பொய் சொல்லாது. விற்பனையாளர் பேசட்டும், நீங்கள் பத்து நிமிடம் உட்காருங்கள்: காலை ஊன்றி ஒரு முறை, சம்மணமிட்டு ஒரு முறை, படுத்து ஒரு முறை. மூன்றிலும் உடம்பு சம்மதித்தால் பணத்தைக் கொடுங்கள். ஒன்றில் தயங்கினாலும் எழுந்து வந்துவிடுங்கள். அடுத்த கடை இருக்கிறது, ஆசாரி இருக்கிறார், வீட்டில் பாயும் இருக்கிறது. ஊர் ஓட்டும் கார்களுக்கு அளந்து அளந்து இருக்கை செய்கிற மண் இது. உங்கள் வீட்டு இருக்கையையும் அளந்தே வாங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் நாடும் ஒருவர்